கார்ட்டூன் வரைந்து பிழைப்பு நடத்துவது எப்படி

"வரைய வருது, ஆனா கார்ட்டூன் வரமாட்டேங்குது" என்று சிலர் சொல்வார்கள். "மண்டை நிறைய ஐடியா இருக்கு, கைதான் ஒத்துழைக்கலை" என்று வேறு சிலர். என்னிடம் பழக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு ரகம்தான். இரண்டு பேருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றே: கார்ட்டூனை வாசகர் படிக்கிறார். பக்கத்தைப் புரட்டிக்கொண்டோ திரையைத் தள்ளிக்கொண்டோ போகிற ஒருவர், யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எங்கே இருக்கிறார்கள், என்ன ஆகிவிட்டது என்று நாலைந்து வினாடிக்குள் பிடித்துவிட வேண்டும். கோடு, கறுப்பு, எழுத்து, வசனம் எல்லாம் அந்த நாலைந்து வினாடிக்கு வேலை செய்கிறவை. படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குள் புரியாவிட்டால் விற்காது. படம் சுமாராக இருந்து பளிச்சென்று புரிந்தால் விற்கும்.

நான் வார இதழ்களுக்கு ஜோக் கார்ட்டூன் போடுகிறேன், பயிற்சிக் கையேடுகளுக்குப் படம் வரைகிறேன், விழாக்களில் உட்கார்ந்து முகம் வரைகிறேன். வீடு நடப்பது இந்த மூன்றும் சேர்ந்துதான். ஒரே வழியில் முழுச் சம்பாத்தியமும் வருகிற கார்ட்டூனிஸ்டை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அதனால் கற்றுக்கொள்ளும்போதே பல வேலைக்கும் ஆகிற மாதிரி கற்றுக்கொள்ளுங்கள்.

முகத்தில் தொடங்குங்கள்

சாதாரண பிரின்டர் தாள் ஒரு கட்டு, ஒரு 2பி பென்சில், ஒரு கறுப்பு ஜெல் பேனா. ஆரம்பத்துக்கு இது போதும். விலையுயர்ந்த ஸ்கெட்ச் புத்தகம் வாங்காதீர்கள். அதில் வரையப் பயம் வரும். பயந்து போட்ட கோடு பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஜெனீவாவில் பள்ளி ஆசிரியராக இருந்த ரொடோல்ஃப் டோப்ஃபர், முகங்களைப் பற்றி 1845-ல் ஒரு சிறு நூல் எழுதினார். எவ்வளவு மோசமாக, குழந்தைத்தனமாக வரைந்த முகமாக இருந்தாலும் அதில் ஏதோ ஒரு குறிப்பிட்ட உணர்ச்சி கட்டாயம் இருக்கும் என்பது அவர் கண்டது. அப்படியானால் ஒரு முகத்தை வரைந்து, ஒவ்வொரு உறுப்பாக மாற்றிப் பார்த்தால் எந்தக் கோடு எந்த உணர்ச்சியைக் கொண்டுவருகிறது என்று நாமே கண்டுபிடித்துவிடலாம். இன்றைக்கும் இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியாது.

செய்முறை இதுதான். ஒரே முட்டை வடிவ முகத்தை ஒரு தாளில் வரிசையாக வரையுங்கள். முதல் வரிசையில் புருவத்தை மட்டும் மாற்றுங்கள். மூக்கை ஒட்டிய உள்முனை கீழே இறங்கினால் கோபம். அதே முனை மேலே ஏறினால் கவலை, கெஞ்சல். இரண்டு புருவமும் முழுதாக மேலே போனால் ஆச்சரியம். ஒன்று மட்டும் ஏறினால் சந்தேகம். இரண்டாவது வரிசையில் புருவத்தைத் தொடாமல் வாயை மட்டும் மாற்றுங்கள். மூன்றாவது வரிசையில்தான் விஷயம் சூடு பிடிக்கும்: ஒன்றுக்கொன்று ஒட்டாததைச் சேர்த்துப் போடுங்கள். கோபப் புருவத்துக்குக் கீழே சிரிக்கிற வாய் வைத்தால் சூழ்ச்சிக்காரர் வந்து நிற்பார். கவலைப் புருவத்துக்குக் கீழே அதே சிரிப்பை வைத்தால், மாட்டிக்கொண்டு சமாளிக்கிற ஆள். இந்தச் சமாளிக்கிற முகத்தை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். ஜோக் கார்ட்டூன்களில் பாதிப் பேருக்கு இந்த முகம்தான் தேவைப்படும்.

கருவிழி எங்கே பார்க்கிறது என்பதும் முக்கியம். வாசகரின் கண், பாத்திரத்தின் கண் போகிற பக்கம் போகும். இரண்டு பேர் பேசிக்கொள்ளும் படத்தில் இருவரும் நேராக நம்மைப் பார்த்தால், அவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதாகவே தோன்றாது. கண்ணுக்கு இரண்டு புள்ளிதான் வைக்கிறோம். அந்தப் புள்ளியை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் படத்தின் அர்த்தம் மாறும்.

உடம்பு, நாற்காலி, நிழலுரு

முகத்தோடு நின்றுவிடுகிறவர்கள் நிறையப் பேர். கார்ட்டூனில் வருகிற மனிதர்கள் உட்காருவார்கள், குனிவார்கள், கதவைத் திறப்பார்கள், சாமான் தூக்குவார்கள். முகம் பிரமாதமாக வரைகிற ஒருவருக்கு நாற்காலி வரையத் தெரியாவிட்டால், தன் எல்லா ஜோக்கையும் நிற்க வைத்தே சொல்ல வேண்டியதாகிவிடும். நாற்காலி, மேசை, கதவு, படிக்கட்டு, கட்டில், சைக்கிள் ஆகியவற்றைப் பார்த்துப் பார்த்து வரையுங்கள். நீங்கள் உட்கார்ந்து பார்க்கும்போது எது உங்கள் கண் மட்டத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்தில் லேசாக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இருக்கிற பொருள்களின் மேல்பரப்பு தெரியும், மேலே இருப்பவற்றின் அடிப்பரப்பு தெரியும். இந்த ஒரு விதியே ஆரம்பத்தில் போதுமானது.

மனிதர்களைக் காத்திருக்கும் இடங்களில் வரையுங்கள். வரிசையில் நிற்பவர்களும் வண்டிக்குக் காத்திருப்பவர்களும் அதிகம் அசைவதில்லை. ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம்தான். முதல் கோடு தலையிலிருந்து ஊன்றிய கால் வரை போகிற வளைவாக இருக்கட்டும். எந்தக் காலில் பாரம் இருக்கிறது, எந்தத் தோள் இறங்கியிருக்கிறது, கை எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இந்த மூன்றையும் பிடித்துவிட்டால் முகம் இல்லாமலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். கை விரல்களுக்கு அஞ்ச வேண்டாம். முதலில் கையுறை போட்ட மாதிரி மொத்தமாக வரைந்து, பிறகு பிரியுங்கள். நாலு விரலோடு நிறுத்துவது கார்ட்டூனில் பழைய வழக்கம்தான். காலுக்கடியில் கொஞ்சம் நிழல் தீட்ட மறக்காதீர்கள்; இல்லாவிட்டால் ஆள் அந்தரத்தில் மிதப்பார்.

பாத்திரத்தை உருவாக்கும்போது முழுதும் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். வெறும் நிழலுருவை வைத்து அடையாளம் தெரிகிறதா? ஆர்.கே. லக்ஷ்மண் 1951-ல் தொடங்கிய தினசரிக் கட்டக் கார்ட்டூனில் வந்த 'சாமானியன்' இதற்கு நல்ல பாடம். வேட்டி, கட்டம்போட்ட கோட்டு, கண்ணாடி, மீசை, வழுக்கையைச் சுற்றிக் கொஞ்சம் முடி. எந்தக் கூட்டத்தில் நின்றாலும் சட்டென்று கண்டுபிடிக்கலாம். அவர் பேசவே மாட்டார், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். பேசாத ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு இத்தனை ஆண்டுகள் ஒரு நாட்டின் அரசியலையே சொல்ல முடிந்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

பெரிய கார்ட்டூனிஸ்டுகளின் படங்களைப் பார்த்து வரையலாமா என்று கேட்பார்கள். தாராளமாக வரையலாம், பயிற்சிக்காக. எங்கே கோடு தடிக்கிறது, எங்கே கோட்டையே விட்டுவிட்டார், எதைக் கறுப்பாக நிரப்பினார் என்று கவனித்தபடி வரையுங்கள். ஆனால் அந்தத் தாளை உங்கள் பெயரில் வெளியே காட்டக் கூடாது.

மை போடுவது

பென்சிலில் துடிப்பாக இருந்த படம் மை போட்டதும் செத்துப்போவது எல்லோருக்கும் நடப்பது. பென்சில் கோட்டின் மேலேயே அட்சரம் பிசகாமல் பேனாவை ஓட்டுவதுதான் காரணம். பென்சிலை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, தோளிலிருந்து கையை அசைத்து, கோட்டை ஒரே மூச்சில் இழுங்கள். முன்னால் நிற்கிறவருக்குத் தடித்த கோடு, பின்னால் இருப்பவற்றுக்கு மெல்லிய கோடு. படத்தில் ஓரிடத்தில் திடமான கறுப்பு இருக்கட்டும், வாசகர் முதலில் பார்க்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அந்தக் கறுப்பு எங்கே இழுக்கிறது என்று தெரியும்.

பழைய ஆட்கள் வெளிர் நீலப் பென்சிலால் வரைந்து மேலே மை போடுவார்கள். அச்சகக் கேமராவில் இருந்த ஃபிலிமுக்கு வெளிர் நீலமும் வெள்ளையும் ஒன்றுதான், அதனால் அழிக்கவே தேவையில்லை. இன்றும் அது உதவும்: ஸ்கேன் செய்தபின் நீலத்தை மட்டும் மென்பொருளில் நீக்கிவிடலாம். ரப்பர் போட்டு மையை மங்கடிக்கிற தொல்லை கிடையாது. நான் இடதுகைக்காரி. எழுதுகிற திசையில் மை போட்டால் கை பட்டு இழுத்துவிடும் என்பதால் வலது ஓரத்தில் ஆரம்பித்து இடப்பக்கம் வருவேன். உங்களுக்கும் இடதுகைப் பழக்கம் இருந்தால் அப்படியே செய்யுங்கள்.

அச்சில் வரப்போகிற அளவைப் போல ஒன்றரை மடங்கு பெரிதாக வரைவது நல்லது. சுருங்கும்போது கை நடுக்கம் மறையும். ஆனால் நுணுக்கமான கோடுகளும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அதனால் முடித்ததும் உண்மையான அளவில் ஒரு பிரதி எடுத்து, கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள்.

டிஜிட்டலில் வரைய க்ரிட்டா என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் எல்லாம் செய்யலாம். காமிக்ஸ் பக்கங்கள் அதிகம் போடுகிறவர்கள் கிளிப் ஸ்டூடியோ பெயின்ட்டையும், ஐபேட் வைத்திருப்பவர்கள் ப்ரோகிரியேட்டையும் விரும்புகிறார்கள். எதில் வரைந்தாலும் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒரு காது மடலில் அரை மணி நேரம் செலவழிக்காதீர்கள். வாசகர் அவ்வளவு பெரிதாகப் பார்க்கப்போவதில்லை. கறுப்பு வெள்ளைக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி), வண்ணத்துக்கு அச்சு அளவில் 300 டிபிஐ வைத்துக்கொள்ளுங்கள். திரையில் மின்னுகிற பச்சையும் நீலமும் அச்சின் நான்கு மையில் மங்கித்தான் வரும். எழுத்தையும் வெளிக்கோட்டையும் கறுப்பு மையில் மட்டும் வையுங்கள். நான்கு மையும் கலந்த கறுப்பாக இருந்தால், அச்சில் ஒரு நிறம் கொஞ்சம் விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிழல் தட்டும்.

ஒரு ஜோக் எப்படிப் பிறக்கிறது

தலைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: மருத்துவமனையில் காத்திருப்பது. உட்கார்ந்து யோசித்தால் முதலில் என்ன வரும்? நாற்காலியில் காத்திருந்து காத்திருந்து எலும்புக்கூடு ஆனவர். ஒட்டடை படிந்தவர். தாடி தரையைத் தொடுகிறவர். இதெல்லாம் உங்களுக்கு வருவது போலவே எல்லோருக்கும் வரும். பத்திரிகை ஆசிரியர் மேசையில் ஏற்கனவே கிடக்கும். தாளில் எழுதிவிட்டு அடித்துவிடுங்கள். எழுதாமல் மனதில் வைத்திருந்தால் அது நகராது, அடுத்த ஐடியாவுக்கு வழி விடாது.

இப்போது அந்த அறையில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போடுங்கள். டோக்கன், பெஞ்சு, சுவர்க் கடிகாரம், பழைய பத்திரிகைகள், நர்ஸ், கூட வந்தவர், டாக்டர், கதவு, நோய். ஒவ்வொன்றையும் பிடித்து உலுக்குங்கள். டாக்டர் காத்திருந்தால்? நோய் காத்திருந்தால்? காத்திருப்பதற்குள் நோய் போய்விட்டால்? இந்தக் கடைசிக் கேள்வியில் ஏதோ இருக்கிறது. நோய் போய்விட்டது என்றால் ஆள் வீட்டுக்குப் போயிருப்பாரே, ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்? வேறு ஏதோ வந்துவிட்டது. எதனால் வந்தது? உட்கார்ந்தே இருந்ததால்.

முதலில் வந்த வசனம் இப்படி இருந்தது: "டாக்டர், நான் காலையில காய்ச்சலுக்காகத்தான் வந்தேன், ஆனா இவ்வளவு நேரம் உங்க பெஞ்சுல உட்கார்ந்ததுல காய்ச்சல் சரியாகி இப்ப இடுப்பு வலி வந்துடுச்சு." எல்லாவற்றையும் வசனமே சொல்லிவிட்டது, படத்துக்கு வேலை இல்லை. வெட்டுவோம். காலையில் வந்தது கடிகாரத்தில் தெரியட்டும். பெஞ்சு படத்தில் இருக்கட்டும். மிச்சம்: "காய்ச்சல் போயிடுச்சு டாக்டர். இப்ப இடுப்பு வலி." அடி கடைசிச் சொல்லில் விழுகிறது. அதற்குப் பின்னால் ஒரு எழுத்துகூட வரக் கூடாது.

படத்தை இப்போது அமைக்கலாம். நோயாளி ஒரு கையால் இடுப்பைப் பிடித்து வளைந்து நிற்கிறார். டாக்டர் பேனாவை எடுத்தவர் அப்படியே நிமிர்ந்து பார்க்கிறார். நோயாளிக்குப் பின்னால் கதவு திறந்திருக்கிறது. அதற்கு அப்பால் முதுகுச் சாய்மானமே இல்லாத மர பெஞ்சும், அதில் இன்னும் நாலு பேரும். அதில் ஒருவர் ஏற்கனவே இடுப்பில் கை வைத்திருக்கட்டும். பெஞ்சு தெரியாவிட்டால் இந்த ஜோக்கே இல்லை. அதனால் படத்தின் அந்தத் திடக் கறுப்பை நான் கதவுச் சட்டத்துக்குக் கொடுப்பேன், கண் அதன் வழியாகப் பெஞ்சுக்குப் போகும்.

இப்படிக் கிடைக்கிறவற்றில் பத்துக்கு ஒன்றோ இரண்டோதான் தேறும். 'தி நியூயார்க்கர்' என்ற அமெரிக்க இதழுக்கு வரைகிறவர்கள் வாரம் பத்துக் கார்ட்டூன் அளவில் கட்டாகக் கொடுப்பதும், பேர்பெற்றவர்களுக்கும் அதில் பெரும்பாலானவை திரும்பி வருவதும் வழக்கம். திரும்பி வந்தவற்றைத் தேதி போட்டு வைத்துக்கொண்டு வேறு இடத்துக்கு அனுப்புங்கள்.

யாரைச் சிரிக்க வைக்கிறோம், யாரைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறோம் என்பதில் நான் கறாராக இருப்பேன். நிறம், ஊனம், பருமன், பிறப்பு இவற்றைக் கேலி செய்து ஒரு கோடுகூடப் போடமாட்டேன். அதிகாரத்தில் இருக்கிறவரின் செயலைக் கேலி செய்யத் தயங்கமாட்டேன். பெஞ்சு ஜோக்கிலும் பாருங்கள், நோயாளி கேலிப்பொருள் இல்லை.

எழுத்துக்கு இடம் விடுங்கள்

தமிழ்ச் சொற்கள் நீளம். மேலே விசிறியும் புள்ளியும், கீழே சுழியும் வேறு. அதனால் வரிகளுக்கு நடுவே தாராளமாக இடைவெளி வேண்டும். முதலில் படம் வரைந்துவிட்டு மிச்சமிருக்கிற மூலையில் வசனத்தைத் திணிப்பதுதான் கற்றுக்குட்டிகளின் படங்களில் நான் அதிகம் பார்ப்பது. வசனத்தை முதலில் எழுதுங்கள், அதைச் சுற்றிப் பேச்சுப் பலூன் போடுங்கள், மிச்ச இடத்தில் ஆட்களை வையுங்கள். முதலில் பேசுகிறவர் இடப்பக்கம், அவர் பலூன் கொஞ்சம் மேலே. பலூனின் வால் பேசுகிறவரின் வாயை நோக்கி இருக்கட்டும். ஒரு சொல்லை இரண்டு வரியாக உடைக்காதீர்கள். இடம் போதாவிட்டால் வேறு சொல் தேடுங்கள்.

முகச் சித்திரம்

1831-ல் பாரிஸில் பத்திரிகை நடத்திய ஷார்ல் ஃபிலிப்போன், அரசர் லூயி ஃபிலிப்பை அவமதித்ததாக வழக்கில் நின்றார். நீதிமன்றத்தில் அவர் நாலு படம் வரைந்து காட்டினார். முதலாவது அரசரின் முகம். அடுத்தடுத்த படங்களில் கன்னமும் தாடையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்து, நாலாவதில் வெறும் பேரிக்காய். முதல் படம் குற்றமில்லை என்றால் எந்தப் படத்தில் குற்றம் தொடங்குகிறது என்பது அவர் வாதம். தண்டனை கிடைத்தது, ஆனால் பேரிக்காய் ஊர் முழுக்கச் சுவரில் ஏறிவிட்டது. ஃபிலிப்போனின் பத்திரிகைக்கு வரைந்த ஹோனோரே தோமியே, அதே அரசரை வரைந்ததற்காக 1832-ல் ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

அந்த நாலு படத்தையே பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள். முகத்தில் எந்த ஒன்று சராசரியிலிருந்து விலகியிருக்கிறது என்று பாருங்கள். நெற்றி உயரமா, கண்களுக்கு நடுவே தூரமா, மூக்குக்கும் உதட்டுக்கும் இடைவெளி அதிகமா? அந்த ஒன்றைப் படிப்படியாகக் கூட்டி நாலு முறை வரையுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கினால் ஆள் அடையாளம் தெரியாமல் போய்விடும். விழாக்களில் காசு கொடுத்து வரையச் சொல்கிறவர்களுக்கு இரண்டாவது படத்தோடு நிறுத்துங்கள். அவர்கள் அதை வீட்டில் மாட்டப்போகிறார்கள்.

விழா வேலையில் ஒரு முகத்துக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும், ஆள் வந்து உட்கார்ந்து எழுந்து போவதையும் சேர்த்தால் மணிக்குப் பத்துப் பேர்தான். மூன்று மணி நேரத்துக்கு முப்பது பேர். இருநூறு பேர் வருகிற விழாவில் எல்லோரையும் வரைய முடியாது என்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லி, மணிக்கணக்கில் கட்டணம் பேசுங்கள்.

வேலை எங்கே இருக்கிறது

பத்திரிகைகளில் நிரந்தரச் சம்பளத்துக்குக் கார்ட்டூனிஸ்ட் வைத்துக்கொள்வது உலகம் முழுக்கக் குறைந்துவிட்டது. 'நியூயார்க் டைம்ஸ்' தன் சர்வதேசப் பதிப்பில் தினசரி அரசியல் கார்ட்டூனை 2019 ஜூலை முதல் நிறுத்திக்கொண்டது. ஆகவே அந்த ஒரு நாற்காலிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் பத்திரிகைக்கு அனுப்புவதை விடாதீர்கள். அங்கே வருகிற படத்தைப் பார்த்துத்தான் மற்ற வேலைகள் தேடி வரும்.

காசு நிலையாக வருவது விளக்கப்படங்களில். பாடநூல், உடல்நலக் கையேடு, பாதுகாப்பு அறிவிப்பு, விளக்கக் காணொளி, விளம்பரத்துக்கான ஸ்டோரிபோர்டு (காட்சிகளை வரிசையாக முன்கூட்டியே வரைந்து காட்டுவது). இதில் சிரிப்பு கம்மி, தெளிவு அதிகம் வேண்டும். கை கழுவும் முறைக்கு ஆறு படம் கேட்கிறார்கள் என்று வையுங்கள். பின்னணியே வேண்டாம். ஆறு படத்திலும் இடது கை ஒரே நிறமாகவும் வலது கை வேறு நிறமாகவும் இருக்கட்டும், எது எதன் மேல் இருக்கிறது என்று குழம்பாது. அம்புக்குறி ஒவ்வொரு படத்துக்கும் ஒன்றுக்கு மேல் கூடாது. முடித்ததும் எழுத்தையெல்லாம் மறைத்து, விஷயமே தெரியாத ஒருவரிடம் காட்டி, "இதைப் பார்த்து அப்படியே செய்யுங்க" என்று சொல்லுங்கள். அவர் எந்தப் படத்தில் தயங்குகிறாரோ அதை மாற்றி வரையுங்கள். வாடிக்கையாளரிடம் இப்படிச் சோதித்தேன் என்று சொன்னால் அடுத்த வேலையும் உங்களுக்குத்தான்.

இணையத்தில் தொடர் காமிக்ஸ் போட்டு, வாசகர்களிடமே மாதாமாதம் சிறு தொகை பெறுகிற வழியும் இருக்கிறது. 2013-ல் தொடங்கிய பேட்ரியான் போன்ற தளங்கள் அதற்குத்தான். இதில் பலன் மெதுவாக வரும். ஒரே பாத்திரங்கள், ஒரே கிழமை, இடைவிடாமல் என்று நடத்த முடிந்தால் மட்டும் இறங்குங்கள். முடியாவிட்டால் தனிப்படங்களே போதும்.

வேலை கேட்டு அனுப்பும்போது பத்துப் பன்னிரண்டு படத்துக்கு மேல் வேண்டாம். எந்த வேலை வேண்டுமோ அந்த வேலையைக் காட்டுங்கள். பாடநூல் நிறுவனத்துக்கு அரசியல் கார்ட்டூன் அனுப்பிப் பயனில்லை. அந்த மாதிரி வேலை இதுவரை கிடைக்கவில்லை என்றால் நீங்களே ஒரு பாடத்தை எடுத்து வரைந்து அனுப்புங்கள். செயற்கை நுண்ணறிவு படம் போட்டுத் தருகிற காலத்தில் யார் நமக்கு வேலை தருவார்கள் என்று பயப்படுகிறார்கள். பொதுவான அலங்காரப் படங்களுக்கு வேலை குறையத்தான் செய்யும். அந்த பெஞ்சில் இன்னொருவர் இடுப்பைப் பிடித்திருப்பதைப் பார்த்து வைக்கிற கண் உங்களிடம் இருக்கிறதா என்பதைத்தான் உங்கள் பத்துப் படமும் காட்ட வேண்டும்.

விலையும் உரிமையும்

விலையை இப்படிக் கணக்கிடுங்கள். உங்கள் மாதச் செலவு 100 பங்கு என்றால், கருவி, வரி, வேலையில்லாத மாதம் ஆகியவற்றுக்கு இன்னும் 30 சேருங்கள். மொத்தம் 130. மாதத்தில் பாதி நாளுக்கு மேல் அலைச்சல், மின்னஞ்சல், ஐடியா தேடல், நிராகரிப்பு என்று போய்விடும். கூலி கிடைக்கிற நாள் பத்து என்று வைத்தால் ஒரு நாள் கூலி 13 பங்கு. அரை நாள் பிடிக்கிற படத்துக்கு ஆறரைக்குக் குறைந்து ஒப்புக்கொண்டால் மாதக் கடைசியில் துண்டு விழும். இந்த எண்ணைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசினால் குரல் தடுமாறாது. "பேர் கிடைக்கும்" என்று இலவசமாகக் கேட்கிறவர்களுக்கு நான் வரைவதில்லை, தர்ம காரியங்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

பென்சில் தொடும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: எத்தனை படம், என்ன அளவு, எந்தத் தேதி, எவ்வளவு முன்பணம், எத்தனை திருத்தம். நான் பாதி முன்பணம் கேட்பேன். பென்சில் நிலையில் இரண்டு முறை திருத்தம் உண்டு. மை போட்டபின் மாற்றம் என்றால் தனிக் கட்டணம். நடுவில் வேலையை நிறுத்தினால் அதுவரை செய்ததற்கு எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

உரிமைதான் எல்லாவற்றிலும் பெரியது. பதிப்புரிமை, பொதுவாகப் படத்தை நீங்கள் வரைந்த கணத்திலேயே உங்களுடையதாகிறது. 1886-ல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் இதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை. பாதுகாப்பு ஐடியாவுக்குக் கிடையாது, வரைந்த வடிவத்துக்குத்தான். பத்திரிகையோ நிறுவனமோ உங்களிடம் வாங்குவது அந்தப் படத்தைப் பயன்படுத்தும் அனுமதியை. எங்கே, எவ்வளவு காலம், எந்த மொழியில், அச்சிலா இணையத்திலா, அவர்கள் மட்டுமா மற்றவர்களும் பயன்படுத்தலாமா என்று தனித்தனியாக எழுதுங்கள். "எல்லா உரிமையும் நிரந்தரமாக" என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அதை அடிக்கச் சொல்லுங்கள், அடிக்க மறுத்தால் விலையைப் பல மடங்கு ஏற்றுங்கள். ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் தாங்கள் உருவாக்கிய சூப்பர்மேன் பாத்திரத்தை 1938-ல் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அது சம்பாதித்த பணத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. பல வழக்குகளுக்கும் பெரிய போராட்டத்துக்கும் பிறகு 1975-ல்தான் ஓய்வூதியமும், உருவாக்கியவர்கள் என்ற பெயரும் கிடைத்தன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பாத்திரங்களை மட்டும் ஒருபோதும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது வருகிற ஒப்பந்தங்களில் படங்களைக் கணினிப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம் என்றும் ஒரு வரி இருக்கக்கூடும். முழுதாகப் படித்து, வேண்டாமென்றால் நீக்கச் சொல்லுங்கள். தாளில் வரைந்த அசல் உங்களுடையது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அசலைத் தனியாக விற்கலாம், கண்காட்சியில் வைக்கலாம்.

பில்லைப் படத்தோடு சேர்த்தே அனுப்புங்கள். தவணை தாண்டினால் மறுநாளே மரியாதையாக ஒரு நினைவூட்டல், ஒரு வாரம் கழித்து ஒரு போன். வெளியான ஒவ்வொரு படத்துக்கும் 600 டிபிஐ கோப்பு, அச்சான பக்கத்தின் பிரதி, ஒப்பந்தம் மூன்றையும் ஒரே கோப்புறையில் போட்டு, பெயரில் ஆண்டையும் தலைப்பையும் எழுதி வையுங்கள். பல வருடம் கழித்து ஒரு பாடநூல்காரர், "அந்த மருத்துவமனை பெஞ்சு படம் கிடைக்குமா?" என்று கேட்பார். அன்றே எடுத்து அனுப்ப முடிந்தால் ஒரு படத்துக்கு இரண்டாவது கூலி.